எழுத்துச் சிதைவும் சமூக உறவுகளும்: தமிழ்த் தரவுத்தளங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

நூலகப் பட்டியலொன்றிலே தமிழ் நூலின் பெயரைத் தேடுகின்ற மாணவன், அந்தப் பெயருக்குப் பதிலாக உரோம எழுத்துக்களும் வணிகக் குறிகளும் கலந்த ஒரு குவியலைத் திரையிற் காண்பது பழகிப்போன அனுபவமாகிவிட்டது. சில வேளைகளில் அந்தக் குவியல்கூட இருப்பதில்லை. வரிசையாக வினாக்குறிகள் மாத்திரமே நிற்கும். இதனைக் 'கணினிக் கோளாறு' எனக் கூறி அப்பாற் செல்வதே வழக்கம். கோளாறு என்ற சொல் மிக வசதியானது. மழை வெள்ளம் போல, எவர் செயலுமன்றித் தானே நிகழ்ந்தவொன்று என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடுகின்றது. ஆனால் தரவுத்தளத்திலே எழுத்துத் தானாகச் சிதைவதில்லை. ஓரிடத்தில் ஒருவர் ஓர் எண்ணுக்கு ஒரு பொருளைக் கற்பித்தார். வேறோரிடத்தில் வேறொருவர் அதே எண்ணுக்கு வேறு பொருளைக் கற்பித்தார். இருவருக்குமிடையே உடன்பாடு இருக்கவில்லை. இந்த உடன்பாடின்மைக்கு ஒரு வரலாறு உண்டு. அதனை நோக்காது செய்யப்படும் திருத்தம், இருக்கும் சிதைவை மேலும் ஆழப்படுத்துவதாகவே பெரும்பாலும் முடிகின்றது என்பதை இக்கட்டுரையில் எடுத்துக்காட்ட முயல்வோம்.

இவ்விடயம் பற்றி எம்மிடையே இரு நிலைப்பாடுகள் நிலவுகின்றன. ஒன்று நுட்பவியலாருடையது. சரியான எழுத்துத் தொகுதியைத் தெரிவுசெய்து ஓரிரு கட்டளைகளை இட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பர். மற்றையது மொழிப்பற்றாளருடையது. தமிழைக் கணினியிற் குறையுடையதாக்குவதற்கு அந்நியர் செய்த சூழ்ச்சியே இவையெல்லாம் என்பர். முதலாமவர் வரலாற்றைத் தேவையற்றதெனத் தள்ளுகின்றனர். இரண்டாமவர் வரலாறு இருக்கவேண்டிய இடத்திலே பகைவனொருவனை நிறுத்திக்கொள்கின்றனர். முதலாமவரிடம் ஒரு பயனாவது உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். கட்டளைகளை அறியாதவரால் எந்தப் பட்டியலையும் திருத்த முடியாது.

இலக்கிய ஆய்வாளருக்கு இதில் என்ன வேலை என்ற வினா எழலாம். சிதைந்த பாடத்திலிருந்து மூலபாடத்தை மீட்பது எமது துறையின் பழைய வேலை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்த காலத்தில் தமிழ் நூல்கள் பலவும் ஏடுகளிலேயே கிடந்தன. ஏட்டெழுத்திலே மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. புள்ளியை அழுத்தினால் ஓலை கிழியும் என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். எழுத்தாணியும் ஓலையும் எழுத்தின் வடிவை நிர்ணயித்தன என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. இத்தகைய பாடத்தை எதிர்கொள்ளும் நல்ல பதிப்பாசிரியன் எடுத்த எடுப்பிலே திருத்தத் தொடங்குவதில்லை. எந்தப் பிரதி எதனைப் பார்த்துப் பெயர்த்தெழுதப்பட்டது, பெயர்த்தெழுதியவன் எதனைத் தவறாகப் படித்திருப்பான் என்பவற்றையே அவன் முதலில் ஆராய்கின்றான். தரவுத்தளத்தைத் திருத்தப் புகுவோனுக்கும் இதுவே முதற்பணி.

ஈழத்துத் தமிழருக்கு இதில் இன்னொரு காரணமும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அத்தகைய இழப்பைக் கண்ட சமூகத்தில் நூற்பட்டியல் என்பது நூலைத் தேடியெடுக்கும் கருவி மாத்திரமன்று. எவை இருந்தன, எவை இல்லாமற் போயின என்பதற்கு எஞ்சும் சான்றும் அதுவே. அது வினாக்குறிகளாக மாறுவதைப் பொறுமையோடு பார்த்திருக்க எம்மால் இயலாது.

2

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இன்ன எண் இன்ன எழுத்தைக் குறிக்கும் என்பது மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. அந்த ஏற்பாடுகளுள் மிகுந்த செல்வாக்குப் பெற்றது 1963இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட 'ஆஸ்கி' நியமமாகும். 128 இடங்களை மாத்திரமே அது கொண்டிருந்தது. தொலைத்தட்டச்சுப் பொறிகளும் அமெரிக்க அலுவலகங்களும் வேண்டியவை அதிலே இடம்பெற்றன. டொலர்க் குறிக்கு 36ஆம் இடம் கிடைத்தது. பவுண் குறிக்கு இடமில்லை. ஐரோப்பிய மொழிகள்கூட இந்த வீட்டில் ஒண்டுக்குடியிருக்கவே நேர்ந்தது. சுவீடன் நாட்டார் தம் மொழிக்குரிய மேற்குறி பெற்ற எழுத்துக்களை அடைப்புக்குறிகளின் இடத்திலே வைத்துக்கொண்டனர். ஆகவே அந்நாளைய சுவீடிஷ் நிரலாளர் எழுதிய நிரல்களை வேறு நாட்டுத் திரையிற் பார்த்தால் எழுத்து இருக்குமிடத்தில் அடைப்புக்குறியும், அடைப்புக்குறி இருக்குமிடத்தில் எழுத்தும் தோன்றும். எழுத்துச் சிதைவு தமிழருக்கு மட்டும் வாய்த்த துன்பமெனக் கருதுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று.

பின்னர் ஒரு பைட்டிலுள்ள 256 இடங்களும் பயன்படுத்தப்பட்டன. 1987இல் சர்வதேச நியமமாக வெளிவந்த லத்தீன்-1 தொகுதி மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு இடமளித்தது. மைக்ரோசொப்ற் நிறுவனம் அதனைச் சற்றே விரித்துத் தன் விண்டோஸ்-1252 தொகுதியை ஆக்கியது. மேற்கு ஐரோப்பாவின் சந்தையே இங்கு உலகமாகக் கொள்ளப்பட்டது. 1991இல் யுனிகோட் நிறுவனம் அமைந்து, உலக எழுத்துக்கள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் முதற் பதிப்பை வெளியிட்டது. 1992இல் கென் தொம்சனும் றொப் பைக்கும் அந்த எண்களைப் பைட்டுகளாக எழுதுவதற்கு யூடிஎப்-8 என்னும் முறையை வகுத்தனர். ஆஸ்கி எழுத்துக்கள் முன்போலவே ஒரு பைட்டில் நிற்க, ஏனையவை இரண்டு, மூன்று, நான்கு பைட்டுகளாக விரிவது அதன் அமைப்பு. தமிழுக்கு மூன்று பைட்டுகள் விதிக்கப்பட்டன.

'தமிழ்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள். யூடிஎப்-8இல் 15 பைட்டுகள். தகரத்தின் பைட்டுகள் 224, 174, 164. இவற்றை லத்தீன்-1 என நம்பிப் படிக்கும் கணினி மூன்று தனி எழுத்துக்களைக் காண்கின்றது: 224 என்பது மேற்குறியிட்ட உரோம 'ஏ' எழுத்து, 174 என்பது வட்டத்துள் அமைந்த, பதிவுபெற்ற வணிகச் சின்னத்தின் குறி, 164 என்பது நாணயத்தைப் பொதுவாகக் குறிக்கும் அடையாளம். மகரமோ வணிகச் சின்னக் குறியை இருமுறை தருகின்றது. தமிழின் முதல் எழுத்திலே வணிகச் சின்னமும் நாணயமும் வந்து நிற்பதைக் கண்டு மார்க்சியத் திறனாய்வாளன் மகிழ்ச்சியடையக்கூடும். அந்த மகிழ்ச்சியை நாம் தவிர்த்துக்கொள்வோம். அது எண்களின் தற்செயல். தற்செயலிலிருந்து தத்துவத்தைக் கறப்பது விமர்சனமாகாது.

3

நாம் அறிந்த ஒரு நூலகப் பட்டியலின் கதையை இனி நோக்கலாம். நூலகத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. இதே கதை வேறு பலவிடங்களிலும் நிகழக்கூடியது. பருவ இதழ்களில் வெளிவந்த தமிழ்க் கட்டுரைகளின் தலைப்புக்களும் ஆசிரியர் பெயர்களும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமொன்றிலே பல ஆண்டுகளாகச் சேர்க்கப்பட்டு வந்தன. திரையிலே தமிழ் நன்றாகவே தெரிந்தது. எவரும் குறை கூறவில்லை. ஒருநாள் பழைய வழங்கி மாற்றப்பட்டுப் புதியது வைக்கப்பட்டது. மறுநாள் பட்டியல் முழுவதும் மேற்சொன்ன குவியலாகக் காட்சியளித்தது. புதிய வழங்கி தமிழைக் கெடுத்துவிட்டது என்பதே அனைவரதும் முடிவு.

உண்மை அதற்கு மாறானது. மைஎஸ்கியூஎல் சுவீடனில் உருவாகி 1995இல் வெளிவந்த மென்பொருள். 2018இல் 8.0 பதிப்பு வரும்வரை அதன் இயல்புநிலை எழுத்துத் தொகுதி லத்தீன்-1 ஆகவும், இயல்புநிலை வரிசைமுறை சுவீடிஷ் மொழியினதாகவும் இருந்தன. 'இயல்புநிலை' என்ற சொல்லிலேயே ஒரு கருத்துநிலை ஒளிந்திருக்கின்றது. வேறெதுவும் சொல்லப்படாதவிடத்து எவருடைய மொழி கொள்ளப்படும் என்பதை அது தீர்மானிக்கின்றது. தீர்மானித்துவிட்டு அதனையே இயற்கையென அழைக்கின்றது. நமது பட்டியலை அமைத்தவர் எதுவும் சொல்லவில்லை. ஆகவே தமிழ்த் தலைப்புக்கள் லத்தீன் என்ற பெயர்ப்பலகையின் கீழ்ச் சேமிக்கப்பட்டன. உள்ளீடு செய்த பக்கமும் 'நான் அனுப்புவது லத்தீன்' என அறிவித்துக்கொண்டே தமிழை அனுப்பியது. இரு புறமும் ஒரே பொய்யைச் சொன்னமையால் பொய் வெளிப்படவில்லை. 15 பைட்டுகள் உள்ளே சென்றன. அதே 15 பைட்டுகள் வெளியே வந்தன. திரை அவற்றைத் தமிழாகக் காட்டியது. தரவுத்தளத்துக்கோ தன்னிடம் தமிழ் இருப்பதே தெரியாது. 'தமிழ்' என்பதன் நீளம் யாதெனக் கேட்டால் 15 எழுத்துக்கள் என்றே அது விடை கூறும்.

இதன் தீமை அப்பொழுதும் இருந்தது, கண்ணுக்குப் புலப்படவில்லை. தலைப்புக்கள் அகரவரிசையில் நிற்கவில்லை. 50 எழுத்துக்கள் கொள்ளுமென அமைக்கப்பட்ட பெயர் நிரலில் 50 பைட்டுகளே கொண்டன. அதாவது பதினாறு தமிழ்க் குறிகளும் பதினேழாவதன் மூன்றில் இரு பங்கும். ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் சேர்ந்த நீண்ட ஆசிரியர் பெயர்களின் வாலிலே உடைந்த குறியொன்று தொங்கியதைப் பலர் கண்டிருந்தனர். அதனை எழுத்துருவின் பிழையென எண்ணி விட்டுவிட்டனர்.

புதிய வழங்கி நேர்மையானது. இணைப்பு யூடிஎப்-8 என அது அறிவித்தது. நிரல் லத்தீன் என்றிருந்தமையால், கடமை தவறாது ஒவ்வொரு பைட்டையும் லத்தீன் எழுத்தாகக் கொண்டு யூடிஎப்-8க்கு மாற்றித் தந்தது. பொய்யர் இருவருள் ஒருவர் உண்மை பேசத் தொடங்கியதும் பழைய ஏற்பாடு குலைந்தது. தோற்றத்துக்கும் உட்பொருளுக்குமிடையே இருந்த பிளவு அன்று உண்டானதன்று; அன்று தெரியவந்தது. முரண்பாடு பல காலம் அமைதியாக இருந்து ஒரு மாற்றத்தின்போது வெடிப்பதைச் சமூக வரலாற்றிலே கண்டு பழகிய எமக்கு இது புதுமையன்று.

இதன்பின் நடந்ததே படிப்பினை மிக்கது. இரண்டு வாரங்களுக்குப் பட்டியலாளர் எதுவும் அறியாது புதிய பதிவுகளை இட்டுக்கொண்டிருந்தனர். இப்பொழுது இணைப்பு யூடிஎப்-8. நிரலோ இன்னமும் லத்தீன். லத்தீன் தொகுதியிலே தகரத்துக்கு இடமில்லை. இடமில்லாத எழுத்துக்குத் தரவுத்தளம் 63 என்ற எண்ணை, அதாவது வினாக்குறியை, எழுதிவிடும். பிழை கண்டால் நிறுத்தும் கண்டிப்பு முறை செயற்பட்டிருந்தால் பதிவே மறுக்கப்பட்டிருக்கும். தொல்லை தருகின்றதெனக் கூறி அதனை முன்னரே அணைத்துவிட்டிருந்தனர். பின்னர் நுட்பவியலார் ஒருவர் வந்து முழு அட்டவணையையும் யூடிஎப்-8க்கு மாற்றும்படி கட்டளையிட்டார். நோய் இன்னதென அறியாது கொடுத்த மருந்து அது. பழைய பதிவுகளின் ஒவ்வொரு பைட்டும் இருமுறை குறியேற்றம் பெற்று, 'தமிழ்' 30 பைட்டுகளாகச் சேமிக்கப்பட்டது. அதன்பின் சேர்ந்த பதிவுகள் செம்மையாக 15 பைட்டுகளில் அமைந்தன.

ஆகவே ஒரே அட்டவணையில் மூன்று படைகள். அகழ்வாய்வுக் குழியிலே காணும் மண் அடுக்குகளைப் போன்று, 'தமிழ்' என்ற சொல் 30 பைட்டுகளாக இருக்குமாயின் அது மாற்றத்துக்கு முந்திய காலம். ஐந்து பைட்டுகளாக, ஐந்தும் 63ஆக இருக்குமாயின் இடைப்பட்ட இரு வாரம். 15ஆக இருக்குமாயின் பிந்திய காலம். திரை இவற்றை ஒழுங்காகக் காட்டுவதில்லை. திரையே ஒரு சாட்சியாளன், அதுவும் சார்புடைய சாட்சியாளன். பைட்டுகளையே பார்க்கவேண்டும். 'ஹெக்ஸ்' என்னும் கட்டளை அதற்கென உள்ளது. செம்மையான தமிழ் 224, 174 அல்லது 224, 175 எனத் தொடங்கும். இருமுறை குறியேறியது 195, 160, 194 எனத் தொடங்கும். இருமுறை குறியேறியதை மீண்டும் லத்தீனாக இறக்கி, அதனை எழுத்தென்றே கருதாத வெறும் பைட்டுத் தொடராக்கி, அதன்பின் யூடிஎப்-8 எனப் பெயரிட்டால் தமிழ் மீளும். ஆனால் அதே மருந்தைச் செம்மையான பதிவுக்குக் கொடுத்தால் அது வினாக்குறியாகிவிடும். முழு அட்டவணைக்கும் ஒரே கட்டளை என்ற நுட்பவியலார் நம்பிக்கை இங்கு எவ்வளவு ஆபத்தானது என்பது தெளிவு. ஒவ்வொரு பதிவையும் அதன் காலத்தோடு வைத்தே நோக்கவேண்டியிருந்தது.

குவியலாகத் தெரிவது பெரும்பாலும் மீட்கத்தக்கது. ஒழுங்காக நிற்கும் வினாக்குறியோ மீட்கமுடியாதது. பார்வைக்கு மோசமானதே பிழைத்திருப்பது.

மீட்பின்போது இன்னொரு விடயமும் புலப்பட்டது. சில பதிவுகளை ஒருவர் இடையிலே வேறொரு நிரலிற் திறந்து, விண்டோஸ்-1252 எனச் சேமித்துத் திரும்ப ஏற்றியிருந்தார். அத்தொகுதியிலே 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்களும் வெறுமையானவை. மைஎஸ்கியூஎல் அவ்விடங்களைக் காப்பாற்றி வைக்கும். ஏனைய மென்பொருள்கள் பல காப்பாற்றா. தமிழிலே மூன்றாம் பைட்டு இவ்விடங்களில் விழும் குறிகள் முக்கியமானவை நான்கு: ஏகாரம், ஐகாரம், உகரக் குறி, புள்ளி. அந்தப் பதிவுகளிலே இவை மாத்திரம் அழிந்திருந்தன. புள்ளியற்ற மெய்களையும் ஏகாரமற்ற சொற்களையும் கொண்ட அந்தத் தலைப்புக்களைப் படித்தபோது ஏட்டுச்சுவடியின் முன் அமர்ந்திருப்பது போன்ற உணர்வே எமக்கு உண்டாயிற்று. ஓலைக்குப் புள்ளி ஆகாமற் போனதற்கு ஒரு காரணம். வாஷிங்டன் மாநிலத்து நிறுவனமொன்றின் அட்டவணைக்கு ஆகாமற் போனதற்கு வேறொரு காரணம். எனினும் வாசகன் செய்யவேண்டிய வேலை ஒன்றே. இடம் நோக்கிப் புள்ளியிட்டுப் படித்தோம்.

4

இவையனைத்துக்கும் முந்திய படையொன்றும் அந்த அட்டவணையில் இருந்தது. அதிலே தமிழ்த் தலைப்புக்கள் உரோமச் சிற்றெழுத்துக்களாகவும் நிறுத்தற் குறிகளாகவும் காணப்பட்டன. 'தமிழ்' என்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாக இருந்தது. இலங்கையிலே அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவை அறிந்தோர் இதனை உடனே இனங்காண்பர். கணினிக்குத் தமிழ் தெரியாத நிலையில், உரோம எழுத்துக்களின் உருவத்தை மாத்திரம் தமிழாக மாற்றிக் காட்டிய உபாயம் அது. விசைகளின் ஒழுங்கு தமிழ்த் தட்டச்சுப் பொறியின் மரபைத் தழுவியது. அப்பொறிக்கு விசைப்பலகை வகுத்த முன்னோடிகளுள் யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குச் சென்ற இரா. முத்தையா ஒருவர். ஆகவே பாமினி உரோம எழுத்தின் தோலைப் போர்த்தியிருந்தாலும், அதன் எலும்பு தமிழ்த் தட்டச்சாளரின் பல்லாண்டுக் கைப்பழக்கம்.

ஈண்டு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. எந்த வழங்கி மாற்றத்திலும் இந்தப் பாமினிப் பதிவுகள் சிறிதும் சிதையவில்லை. வெறும் ஆஸ்கி எழுத்துக்களாக இருந்தமையால் எல்லா வாயில்களையும் அவை தடையின்றிக் கடந்தன. தன்னைத் தமிழென அறிவிக்காத தமிழே பாதுகாப்பாக இருந்தது. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. அதனைத் தேட முடியாது, வரிசைப்படுத்த முடியாது. எழுத்துருவின் பெயர் பதிவில் இல்லையெனின் அது தமிழென்பதற்கே சான்றில்லை. ஆங்கிலமும் தமிழும் கலந்த தலைப்பிலே எங்கே ஒன்று முடிந்து மற்றையது தொடங்குகின்றதென இயந்திரம் உறுதியாகக் கூறவியலாது.

இத்தகைய எழுத்துருக்கள் பல இருந்தன. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கெனவோர் ஒழுங்கை வைத்திருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துருவை வாங்கவேண்டியிருந்தது. எழுத்து, பொதுச்சொத்து என்ற நிலையிலிருந்து பண்டம் என்ற நிலைக்கு இறங்கிய காலம் அது. இதனை எதிர்த்து எழுந்த பொது முயற்சிகளையும் மறத்தலாகாது. 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் நடைபெற்ற தமிழிணைய மாநாடுகள் பொதுக் குறிமுறை பற்றி விவாதித்தன. தமிழ்நாடு அரசு டாம், டாப் எனும் ஒழுங்குகளை ஏற்றது. மடலாடற் குழுக்களிலே தன்னார்வலர் கூடி திஸ்கி என்னும் ஒழுங்கை உருவாக்கினர். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாக வழங்கியது. பின்னர் யுனிகோட்டுக்கு மாறியது. கூலியின்றிச் செய்யப்பட்ட இந்தத் தட்டச்சு உழைப்பும் மெய்ப்புப் பார்த்த உழைப்பும் எந்தத் தரவுத்தளத்தின் நிரலிலும் பதியப்படவில்லை.

5

யுனிகோட் பற்றிய மொழிப்பற்றாளர் குற்றச்சாட்டை இனிப் பரிசீலிக்கலாம். தமிழுக்கு ஒதுக்கப்பட்ட 128 இடங்களுள் 72 மாத்திரமே நிரம்பியுள்ளன, க, ங என்பவற்றுக்கிடையே வெறும் இடங்கள் கிடக்கின்றன, அகரவரிசையும் பேணப்படவில்லை. இவை உண்மைகள். இந்தியாவிலே 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி ஒழுங்கை யுனிகோட் அடியொற்றியமையே காரணம். இந்திய எழுத்துக்கள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் நிறுத்தும் நோக்கில் அது தேவநாகரி வரிசையைப் பொது அளவுகோலாகக் கொண்டது. அதனால் னகரம் நகரத்தின் பின்னும், றகரம் ரகரத்தின் பின்னும், ளகர ழகரங்கள் வகரத்தின் முன்னும் வந்தமர்ந்தன. பைட்டு வரிசையில் அடுக்கும் பட்டியலிலே புள்ளி பெற்ற மெய், ககர ஔகாரத்துக்கும் பின்னே தள்ளப்படுகின்றது. மையப்படுத்தப்பட்ட அரசொன்றின் நிர்வாக வசதி இதிலே தெரிகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் இதிலிருந்து சூழ்ச்சிக் கோட்பாட்டுக்குத் தாவுவது தவறு. யுனிகோட்டை முன்னின்று உருவாக்கியோர் செறொக்ஸ், அப்பிள் முதலிய நிறுவனங்களைச் சார்ந்தோர். ஒரே மென்பொருளை உலகின் எல்லாச் சந்தைகளிலும் விற்க வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. ஆனால் அந்தத் தேவையே, தனித்தனி எழுத்துருப் பண்டங்களாகச் சிதறிக் கிடந்த தமிழை முதன்முறையாக எல்லா இயந்திரங்களும் அறியும் ஒரே எழுத்தாக ஆக்கியது. முதலாளித்துவம் தன் நலனுக்காகச் செய்தவை சில, அதன் நலனுக்கு அப்பாலும் பயன்படும் என்பதை இயங்கியல் நோக்குடையோர்க்கு விளக்கவேண்டியதில்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோட்டுடன் சேர்த்து ஏற்ற, உயிர்மெய் அனைத்துக்கும் தனியிடம் தரும் 'டேஸ்-16' ஒழுங்கு அமைப்பிலே அழகியது. ஆனால் தனியார் பயன்பாட்டுக்கென விடப்பட்ட பகுதியில் அது இருப்பதனால், அவ்வொழுங்கை அறியாத தரவுத்தளத்திற்கு அது பொருளற்ற குறியே. பழைய எழுத்துருத் தீவுகளுக்குத் திரும்பும் வழியாகவே அது எமக்குத் தோன்றுகின்றது.

வரிசைமுறை விடயத்தில் ஒரு செய்தி சிந்தனைக்குரியது. மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பின் வரிசைமுறைப் பட்டியலில் சுவீடிஷ், டேனிஷ், ஐஸ்லாந்து மொழிகளுக்கெனத் தனி ஒழுங்குகள் உண்டு. சிங்களத்துக்கும் உண்டு. தமிழுக்கெனத் தனியானது இல்லை. இதனை இன அடிப்படையிலே விளக்க முனைவோர் எம்மிடையே இருப்பர். அது எளிது, பிழையும் ஆகும். சிங்களம் பேசும் மக்களைவிடத் தமிழ் பேசுவோர் தொகையிற் பன்மடங்கினர். தமிழ்க் கணினியாளரோ எண்ணற்றோர். திறந்த மென்பொருளொன்றிலே ஒரு மொழிக்குரிய ஒழுங்கு இடம்பெறுவதற்கு எவராவது அமர்ந்து அவ்விதிகளை எழுதிக் கொடுக்கவேண்டும். செம்மொழிப் பெருமையைப் பேசும் மேடைகளுக்குச் செலவாகிய உழைப்பிலே ஒரு சிறு பகுதி போதியதாயிருந்திருக்கும்.

6

மைஎஸ்கியூஎல் தன் 4.1 பதிப்பிலே 'யூடிஎப்-8' என்ற பெயரில் வழங்கியது முழுமையான யூடிஎப்-8 அன்று. மூன்று பைட்டுகளுக்கு மேல் அது ஏற்காது. நான்கு பைட்டுகளையும் ஏற்கும் தொகுதி 2010இல் 'யூடிஎப்-8-எம்பி-4' என்ற வேறு பெயரில் வந்தது. பழைய பெயர் பழைய பொருளோடு நிலைத்தது. தமிழுக்கு மூன்று பைட்டே போதுமென்பதால் இது எமக்குத் தொடர்பற்றதெனப் பலர் கருதினர். ஆனால் 2019இல் யுனிகோட் 12.0 பதிப்பிலே தமிழின் மரபுவழிப் பின்னக் குறிகளும் நெல், நிலம் முதலியவற்றின் அளவுக் குறிகளும் அடங்கிய 51 குறிகள் சேர்க்கப்பட்டன. அவை நான்கு பைட்டுப் பகுதியில் அமைந்தவை. நிலவுடைமை, விளைச்சல், வாரம் பற்றிய பழைய கணக்கேடுகளைத் தரவுத்தளத்தில் ஏற்ற விரும்பும் பொருளாதார வரலாற்று மாணவன் அக்குறிகளைப் பழைய 'யூடிஎப்-8' நிரலில் இட்டால், கண்டிப்பு முறை அணைந்திருக்குமிடத்து, அக்குறி வந்தவிடத்திலேயே வாசகம் வெட்டுண்டுபோகும். உழவன் கொடுத்த பங்கு எவ்வளவு என்பதைச் சொல்லும் இடத்திலேயே அவ்வாக்கியம் அறுந்துவிடும்.

எமது பட்டியலில் இத்தகைய குறிகள் இல்லை. வேறொரு சிக்கல் இருந்தது. மீட்டெடுத்த பதிவுகளிலே நாட்டின் பெயரைத் தேடியபோது எதிர்பார்த்தவற்றுட் பல கிடைக்கவில்லை. ஸ்ரீ என்ற வடிவைச் ஸகரத்தாலும் எழுதலாம். 2005இல் யுனிகோட் 4.1 பதிப்பிலே சேர்க்கப்பட்ட ஶகரத்தாலும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளில் இரண்டும் வேறு. எனவே ஸ்ரீலங்கா எனத் தேடினால் ஒரு தொகுதி நூல்களும், கண்ணுக்கு அதேயான மற்றொரு ஸ்ரீலங்கா எனத் தேடினால் வேறொரு தொகுதி நூல்களும் கிடைத்தன. கௌரவம் முதலிய சொற்களிலும் இதுவே நிலை; ஔகாரக் குறியின் பிற்பகுதிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டியோர் பலர். இவற்றைக் கண்டுபிடிக்கக் கட்டளை உண்டு. எது வேண்டுமெனத் தீர்மானிக்க மொழியறிந்த ஒருவர் வேண்டும்.

இருமுறை குறியேறிய பதிவுகள் அனைத்தும் மீண்டுவிட்டன. இரு வார வினாக்குறிகளுக்கு வழி இருக்கவில்லை. ஆனால் அந்த நூலகத்தின் பின்னறையிலே பழைய அட்டைப் பட்டியலின் மர இழுப்பறைகள் இன்னும் அகற்றப்படாதிருந்தன. அந்த இரு வாரத்திலும் இடப்பட்டவை பெரும்பாலும் பழைய இதழ்களின் பதிவுகளே. அவற்றின் அட்டைகள், ஓய்வுபெற்றுப் போன எழுதுவினைஞர் ஒருவரின் கையெழுத்திலே, புள்ளி தவறாது இருந்தன. ஆண்டையும் பக்க எண்ணையும் கொண்டு அட்டையையும் பதிவையும் ஒப்பிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டச்சுச் செய்து வருகின்றனர். பாமினிப் பதிவுகள் இன்னும் தொடப்படவில்லை. அவற்றுட் சில வேறு எழுத்துருக்களில் ஏறியவையாக இருக்கலாமென ஐயம் உண்டு; உறுதிசெய்வதற்கு அவற்றைத் தட்டியவர் எந்த இயந்திரத்திலே தட்டினார் என்பதைக் கேட்டறிய வேண்டியுள்ளது.